காதில் விழுந்தது, வாய் திறக்கவில்லை

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறை சின்னது. பவர் சப்ளை போர்டுகளைச் சரிசெய்து, திருப்பி அனுப்பும் முன் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு வோல்ட்டேஜ் நகர்கிறதா என்று பார்ப்போம். அரை மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது என்னோடு வேலை பார்க்கும் அக்கா. அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன்.

மீட்டர், ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய எச்.பி. 34401ஏ. ஆறரை இலக்கம் வரை நுணுக்கமாகக் காட்டும், பின்னால் கம்ப்யூட்டரோடு பேச ஆர்.எஸ்-232 என்ற சீரியல் போர்ட் இருக்கிறது. மூன்று ஒயர் வைத்து நானே கேபிள் பற்றவைத்தேன்: அனுப்பவும் வாங்கவும் உள்ள 2ஆம், 3ஆம் பின்களைக் குறுக்காக மாற்றி, பொதுத் தரையான 5ஐ நேராக. வேகம் 9600, எட்டு பிட், பிழை பார்க்கும் பேரிட்டி பிட் இல்லை என்று இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்தாயிற்று. டிசி வோல்ட்டேஜ் அளக்கச் சொல்லிக் கட்டளை அனுப்பினேன். பீப் என்றது. திரையில் எரர் என்று எழுத்து எரிந்தது.

இந்த மாதிரிச் சமயத்தில் நான் கேபிளை ஆட்டிப் பார்க்கிற ஆள். நல்லவேளை, முதலில் மீட்டரையே கேட்டேன். முன்பக்க மெனுவில் எரர் வரிசையைத் திறந்தால் 550. லோக்கலில், அதாவது முன்பக்கப் பொத்தான்களின் பிடியில், இருக்கும்போது இந்தக் கட்டளை செல்லாது என்று அர்த்தம். சீரியல் வழியாகப் பேசினால் முதல் வரி ‘சிஸ்டம் ரிமோட்’ ஆக இருக்க வேண்டும். அதை அனுப்பியதும் ரிமோட் விளக்கு எரிந்தது. மறுபடி அளக்கச் சொன்னேன். இந்த முறை பீப் இல்லை, எரர் இல்லை, பதிலும் இல்லை.

இங்கேதான் ஒரு சாயங்காலம் போயிற்று. விளக்கு எரிகிறது என்றால் நான் சொல்வது அதன் காதில் விழுகிறது. பிறகு ஏன் வாய் திறக்கவில்லை? மேனுவலில் விடை இருந்தது. மீட்டர் 6ஆம் பின்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எதிர்முனை தயார் என்ற சமிக்ஞை அதில் வராதவரை எதையும் அனுப்பாது. என் கேபிளில் அந்தப் பின் அந்தரத்தில் இருந்தது. 4ஆம் பின்னில் மீட்டரே ‘நான் தயார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்; அதையே அதற்குத் திருப்பிக் காட்டினால் போதும். கனெக்டரைத் திறந்து மீட்டர் பக்கம் 4க்கும் 6க்கும் நடுவில் அரை அங்குல ஒயர் ஒன்றை வைத்தேன். ஈயம் ஆறுவதற்குள் சொருகினேன். கம்ப்யூட்டர் திரையில் 5.00213 வந்து விழுந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

அப்புறம் பைத்தான் மொழியில் ஒரு சின்ன புரோகிராம், பத்து நொடிக்கு ஒரு ரீடிங். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லி நொடி. முழுச் சுற்றுகளாக அளந்தால் கரண்ட் இரைச்சல் தானே அடிபட்டுப்போகும். 100 சுற்று என்று வைத்தால் இரண்டு நொடி, ஒவ்வொரு தரமும் தன் பூஜ்யத்தையும் அளந்து கழிக்கும் ஆட்டோ ஜீரோவும் இருந்தால் நான்கு. பதிலுக்குக் காத்திருக்கும் டைம்அவுட்டை நான் ஒரு நொடி என்று விட்டிருந்தேன், வெறும் வரியாக வந்தது. பத்து நொடியாக்கினேன், சரி.

எட்டு மணி நேரத்தில் 2880 ரீடிங். வரைந்து பார்த்தால் கோடு அலை அலையாக ஏறி இறங்குகிறது, ஒரு அலை சுமார் பன்னிரண்டு நிமிடம். அறையின் ஏ.சி. கம்ப்ரஸர் நின்று ஓடும் அதே தாளம். போர்டின் வோல்ட்டேஜ் நகர்கிறது என்று இத்தனை நாள் நினைத்ததில் பாதி அந்தக் குளிர்காற்று.

அக்காவுக்கு இதில் நம்பிக்கை வராமல், அன்றும் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். அவருடைய பதினாறு எண்களையும் கோட்டின் மேல் புள்ளியாக வைத்தேன். ஒன்று தப்பாமல் கோட்டிலேயே உட்கார்ந்தன. “அப்போ நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றார். ரொம்பச் சரியாக எழுதியிருந்தார். அரை மணிக்கு ஒரு தரம் பார்த்தால் அலை தெரியாது, அவ்வளவுதான். மறுநாள் போர்டைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து ஓட்டலாம் என்று சொன்னதும் அவர்தான்.