பின்னால் வைக்கும் கால்

டான்ஸ் மாஸ்டர் இன்றைக்குப் பாட்டே போடவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாடி ஹாலில் எல்லாரும் சும்மா நடந்தோம்.

ஜோடியாக ஆடும் வால்ட்ஸ் நடனத்தில் முன்னால் போக, குதிகால் முதலில் தரையைத் தொடும். அது சரி, தெருவிலும் அப்படித்தானே நடக்கிறோம்.

பின்னால் போவதுதான் பாடம்.

எனக்கு எதிரே ஆடிய அக்காவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கால் விரல் நுனியில் பின்னே நீண்டது. முன்னால் நின்ற காலின் விரல்கள் மெல்ல எழும்ப, குதிகால் தரையை உரசியபடி வந்து சேர்ந்தது. பின்னே நீண்ட காலின் குதிகால் கடைசியில்தான் இறங்கியது.

"அவசரமே வேணாம் லா தம்பி, நீங்க வாங்க, நான் போறேன்" என்றார்.

நிமிடத்துக்கு 90 தட்டு வரை ஓடும் இசையில், போகிற திசையைப் பார்க்காமல் அவர் அப்படி நடக்கிறார். எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

கல்யாண விருந்துக்காக ஆட வருகிறவர்களே, சுழல்வதற்கு முன்னால் இந்த நடையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.