டூடூயிஸ்டில் திரும்பத் திரும்ப வரும் வேலைகள்: ஓர் ஆச்சரியக்குறி செய்யும் வேலை

செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் செயலியான டூடூயிஸ்டில் (Todoist) தேதியை ஆங்கிலத்தில் 'எவ்ரி 3 மன்த்ஸ்' என்று தட்டினால், வேலையை எத்தனை நாள் தாமதமாக முடித்தாலும் அடுத்த தவணை பழைய தேதியிலிருந்தே கணக்காகும். வீட்டு வாடகை, கடன் தவணைக்கு இதுதான் சரி.

தண்ணீர் சுத்திகரிப்பான் ஃபில்டருக்கு இது ஒத்துவராது. ஒரு மாதம் தள்ளி மாற்றினால், அடுத்த நினைவூட்டல் இரண்டே மாதத்தில் வந்து நிற்கும். அதற்கு 'எவ்ரி' என்ற சொல்லை ஒட்டி, இடைவெளி விடாமல், ஆச்சரியக்குறி போடுங்கள். முடித்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கும். செடிக்கு உரம், ஏசி சர்வீஸ் எல்லாம் இந்த வகைதான்.

ஒருமுறை மட்டும் தள்ளிப்போட, தேதிப் பெட்டியில் 'டுமாரோ' என்று தட்டாதீர்கள், சுழற்சியே அழிந்துவிடும். நாட்காட்டியில் நாளைத் தொட்டு மாற்றுங்கள்.