உறங்கும் செல்லை எழுப்புவது எது?

என் பெரியம்மா வாழ்நாளில் ஒருமுறைகூடப் புகைபிடித்ததில்லை. வீட்டில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இருந்ததில்லை. நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளில், "நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" என்று அவர் என்னிடம் கேட்டார். அப்போது பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்விதான் இந்தத் துறையின் ஆய்வுகளைத் தேடிப் படிக்க வைத்தது.

அவற்றுள் என்னை மிகவும் பாதித்தது, லண்டனிலுள்ள பிரான்சிஸ் கிரிக் ஆய்வு நிறுவனத்தில் சார்ல்ஸ் சுவான்டன் குழுவினர் நடத்தி, 2023 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் ஏற்படும் பிறழ்வால் வரும் நுரையீரல் புற்றுநோய், புகைபிடிக்காதவர்களிடம் அதிகம் காணப்படுவது. காற்றில் பிஎம் 2.5 நுண்துகள் மிகுந்த இடங்களில் இந்த வகை நோயும் மிகுதியாக இருப்பதை அவர்கள் ஏறத்தாழ 33,000 நோயாளிகளின் தரவுகளிலிருந்து கண்டார்கள். பிறகு 295 பேரின் நோயற்ற நுரையீரல் திசுவைச் சோதித்தபோது, அதில் 18 விழுக்காட்டு மாதிரிகளில் அதே ஈஜிஎஃப்ஆர் பிறழ்வு ஏற்கெனவே இருந்தது. அதாவது, புற்றுநோய்க்குரியது என்று நாம் அஞ்சுகிற பிறழ்வு, நோயே இல்லாத நுரையீரலிலும் ஒருசில செல்களில் சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் அதை எழுப்புவது எது? எலிகளில் செய்த சோதனையில், நுண்துகள்கள் புதிய பிறழ்வுகளை உண்டாக்கியதாகத் தெரியவில்லை. துகள்களை விழுங்க வந்த மேக்ரோஃபேஜ் செல்கள் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருளைச் சுரந்தன. அந்த அழற்சியில்தான் பிறழ்வுற்ற செல்கள் விழித்துப் பெருகின. அந்தப் பொருளை எதிர்ப்புரதம் கொண்டு தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. இந்த எண்ணத்துக்கு முன்னோடி உண்டு. 1940களில் ஐசக் பெரன்பிளம், எலியின் தோலில் புற்றூக்கி வேதிப்பொருளை ஒரே ஒருமுறை தடவி, பிறகு நேர்வாள எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தடவிக் கட்டிகளை வரவழைத்துக் காட்டினார். நம் சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுக்கும் அதே நேர்வாளம்தான். தனியாகத் தடவினால் கட்டியைப் பெரிதாக உண்டாக்காத அந்த எண்ணெய், ஏற்கெனவே மாறிப்போயிருந்த செல்லைத் தூண்டிவிட்டது.

பெரியம்மாவின் கட்டியிலும் ஈஜிஎஃப்ஆர் பிறழ்வு இருந்ததால், அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுக்கும் மாத்திரை ஒன்றை நாள்தோறும் கொடுத்தார்கள். மாத்திரையை விழுங்கிய பிறகுதான் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழிப்பார்; கிழிக்காத தாளைப் பார்த்தால் மாத்திரை போடவில்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். சில வாரங்களில் இருமல் நின்றது. ஓராண்டு கடந்ததும் திரும்பி வந்தது.

மருந்து ஏன் தோற்கிறது என்பதும் விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. ஈஜிஎஃப்ஆர் புரதத்தின் 790ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறிவிட்டால் முதல் தலைமுறை மருந்துகளால் அதைத் தடுக்க முடிவதில்லை; டி790எம் எனப்படும் இந்த மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது, அந்த மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற கட்டிகளில் ஏறத்தாழ பாதிக்கு இதுவே காரணம். இதை வெல்ல வந்த ஆசிமெர்ட்டினிப் என்ற மருந்து 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டிலேயே, அந்த மருந்து பற்றிக்கொள்ளும் 797ஆம் இடத்தை மாற்றிக்கொண்ட புற்றுச் செல்களும் கண்டறியப்பட்டன. எனக்கு இதைவிட வியப்பளித்தது 2010இல் வந்த ஓர் ஆய்வு. மருந்து வெள்ளத்தில் பெரும்பாலான செல்கள் மடிய, மிகச் சிறு பகுதி மட்டும் பெருகுவதை நிறுத்திக்கொண்டு உயிர் பிழைத்திருந்தது. மருந்தை விலக்கியதும் மீண்டும் வளர்ந்த அவற்றின் சந்ததி, பழையபடி அதே மருந்துக்குக் கட்டுப்பட்டது. மரபணு மாறாமலேயே பதுங்கிக் கிடக்கும் இத்தகைய செல்களிலிருந்தும் டி790எம் பின்னாளில் உருவாகக்கூடும் என்று 2016இல் காட்டப்பட்டது.

இவற்றையெல்லாம் எளிமையாக்கிப் பெரியம்மாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அந்த விறகடுப்புப் புகையாப்பா?" என்று கேட்டார். விறகுப் புகையிலும் அந்த நுண்துகள்கள் உண்டு, ஆனால் ஒரு தனி மனிதரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். இரண்டாவது திசுப் பரிசோதனையில் டி790எம் தெரிந்தது, மாத்திரை மாறியது. காலண்டர் தாளை இப்போதும் மாத்திரை போட்ட பிறகே கிழிக்கிறார்.