திறந்த ராஜ்மா டின் எத்தனை நாள் தாங்கும்?

டெல்லி மே மாத வெயிலில் திறந்த ராஜ்மா டின்னை அடுக்களை மேடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். 32 டிகிரியைத் தாண்டினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மிச்சத்தை உடனே கண்ணாடி டப்பாவுக்கு மாற்றி, இறுக மூடி, 4 டிகிரிக்கு மிகாத ஃப்ரிட்ஜில் வையுங்கள். 3, 4 நாள் தாங்கும். கதவுத் தட்டு வேண்டாம், திறந்து திறந்து மூடுவதில் அங்கே குளிர் நிற்காது.

டின்னோடு வைத்தால் விஷமாகிவிடாது. ஆனால் தக்காளி சாஸில் ஊறிய பேக்டு பீன்ஸ் என்றால் புளிப்பு உலோகத்தை அரித்து இரும்பு வாடை ஏறும்.

அந்த 3, 4 நாளுக்குள் தீராதென்றால் முதல் நாளே ஃப்ரீசர்தான். கொஞ்சம் குழையும், மசாலாவில் தெரியாது.

கொழகொழப்பு, நுரை, புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். திறக்கும் முன்பே உப்பியிருக்கும் டின்னை ருசிகூடப் பார்க்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் கிருமி நச்சு அதில் இருக்கலாம், வாடையில் தெரியாது.