ஞாயிற்றுக்கிழமை மட்டும்

ஜூன் 9, 2024, ஞாயிறு
அத்தை மகளுக்கு 36 வயதில் மார்பில் கேன்சர் வந்து, பிஆர்சிஏ1 மரபணுவில் பழுது என்று தெரிந்ததும், ரத்த உறவுகள் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். நானும் இங்கே மும்பையில் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் அந்தப் பழுது இருக்கிறது.

"எங்க பக்கத்துல யாருக்கும் கிடையாதே" என்றாள் அம்மா. மார்பு, ஓவரி (சினைப்பை) என்று காதில் விழுந்தாலே எல்லோரும் தாய் வழியைத்தான் தோண்டுகிறார்கள். எனக்கு வந்தது அப்பாவிடமிருந்து. ஆண்களிடமும் இது இருக்கும். பெற்ற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அத்தை "வயித்துல கட்டி" வந்து செத்தாள் என்பதோடு வீட்டில் பேச்சை முடித்துவிட்டார்கள். என்ன கட்டி என்று யாரும் கேட்கவில்லை. அப்பா இப்போது போனை எடுப்பதே இல்லை.

ரிப்போர்ட் வந்த ராத்திரியே இவர் எக்செல் ஷீட் போட்டுவிட்டார். 80 வயதுக்குள் மார்பில் வர வாய்ப்பு சுமார் 72%, ஓவரியில் 44% என்று கவுன்சலர் சொன்னதைத் தடித்த எழுத்தில் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் தேய்க்கும்போது, டப்பா கட்டும்போது, விளக்கை அணைத்த பிறகு என்று எந்நேரமும் இதே பேச்சு. கடைசியில் ஓர் ஒப்பந்தம்: ஞாயிறு காலை முலுண்டிலிருந்து மாட்டுங்காவுக்குக் காபிப்பொடி, வாழைப்பூ வாங்கப் போவோம் இல்லையா, அப்போது ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி நடக்கும்போது மட்டும்தான் 'அது'.

ஜூன் 16, ஞாயிறு
ஓவரியில் வந்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. அதனால் பிஆர்சிஏ1 என்றால் 35-லிருந்து 40-க்குள் ஓவரியையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு 33. பாப்பாவுக்கு நாலு. இரண்டாவது வேண்டுமென்றால் இப்போதே.

ஐவிஎஃப்பில் உடலுக்கு வெளியே கரு உண்டாக்கி, அதைச் சோதித்து, பழுது இல்லாததை வைத்துக்கொள்ளலாம் என்றார் இவர். "அப்படிப் பார்த்திருந்தா நான் பொறந்திருக்கவே மாட்டேன்" என்றேன். "உன்னைச் சொல்லலம்மா." அப்புறம் ஒரு சுற்று பேசாமலே நடந்தோம். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அத்தை மகளின் மொட்டைத் தலையை வீடியோ காலில் பார்த்தவள் நான். ஆனாலும் சம்மதிக்க வாய் வரவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் மறுபடி ஆரம்பித்தார். ஒப்பந்தம் அடுத்த ஸ்டேஷனான சயானைக்கூடத் தாண்டவில்லை.

ஜூலை 8, திங்கள்
ராத்திரி முழுக்க மழை. ரயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மார்பில் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க இன்றுதான் என் எம்ஆர்ஐ ஸ்கேன். மார்பு எம்ஆர்ஐயை நினைத்த நாளில் எடுக்க முடியாது; மாதவிடாய் தொடங்கி ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள் எடுத்தால்தான் படம் தெளிவாக வரும். இன்று ஒன்பதாவது நாள். இந்த வாரம் விட்டால் அடுத்த மாதம். நான் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் சென்டருக்குப் போன் போட்டு வியாழனுக்கு மாற்றி வாங்கிவிட்டார். "பன்னெண்டாம் நாள், பரவாயில்ல" என்கிறார்! எனக்கு எப்போது தூரம் என்று இத்தனை வருஷமாகத் தெரியாத மனிதர். அவர் போன் காலண்டரில் இப்போது மாதாமாதம் ஒரு சிவப்புப் புள்ளி.

ஜூலை 11, வியாழன்
உலோகம் எதுவும் கூடாது. வளையல், தோடு, மூக்குத்தி எல்லாம் வந்துவிட்டன. இடது கால் மெட்டி மட்டும் வரமாட்டேன் என்றது. இவர் பாத்ரூமிலிருந்து சோப்புத் தண்ணீர் பிடித்துவந்து, வராந்தாவில் என் காலடியில் உட்கார்ந்து திருகித் திருகிக் கழற்றினார். எதிரே இருந்த மராத்தி ஆயி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். தாலியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாமியாருக்கு இது தெரிந்தால் கேன்சரைவிடப் பெரிய சண்டை வரும்.

உள்ளே குப்புறப் படுக்க வேண்டும். மார்பு தொங்குவதற்கு மேடையில் இரண்டு பள்ளம். கையில் ஊசி வழியே மருந்து ஏறும்போது ஜில்லென்று தோள் வரை போனது. அசையக் கூடாது என்றார்கள். மூக்கு அரித்தது.

ஜூலை 14, ஞாயிறு
படத்தில் ஒன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, அடுத்த வருஷம் மறுபடி இது. சந்தோஷப்பட நேரமில்லை, தங்கச்சி விஷயம் வந்துவிட்டது.

அவளுக்கு 27, சென்னையில் வேலை, வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாத" என்பது அம்மாவின் உத்தரவு. இவரும் "ஒரு வருஷம்தானே" என்று இழுத்தபோது பூங்கா என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். பழுது இருந்தால் 25 வயதிலிருந்தே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டவரே இவர்தானே!

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு தங்கச்சி கேட்ட முதல் கேள்வி: "அத்தான் எப்படி எடுத்துக்கிட்டாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. போனை இவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு சுற்று முழுக்க அவளோடு பேசிக்கொண்டே நடந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வந்து, "உன் ரிப்போர்ட்டை அவளுக்கு அனுப்பு. மரபணுல பழுது இருக்கிற அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தா போதும், செலவு கம்மி" என்றார்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, எப்போது சொல்வது என்பதைத் தங்கச்சி முடிவு செய்வாள். அம்மாவிடம் யார் சொல்வது என்றுதான் ரயிலில் முலுண்டு வரை சண்டை.