இளவட்டம் எந்த நோட்டில் முடிகிறது: டெல்டா நாட்குறிப்பு

2025 ஜூலை 1, செவ்வாய்

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதுகிறவர்களுக்கு இன்றுதான் எல்லைக்கோடு. தேர்வு 12-ம் தேதி, இடங்கள் 3,935. வயதை மட்டும் ஜூலை 1 நிலவரப்படி பார்ப்பார்கள். இளநிலை உதவியாளர் மாதிரியான பணிகளுக்கு அடிப்படை உச்சவரம்பு பொதுப்பிரிவுக்கு 32. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 34. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 37. விதிவிலக்குகள் தனி. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) பதவிக்கு இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 42 வரை உண்டு. ஒரே வினாத்தாள், ஒரே ஹால் டிக்கெட். எழுத்தர் நாற்காலிக்கு வயது போய்விட்ட ஒருவர் விஏஓ நாற்காலிக்கு இன்னும் 8 வருஷம் இளைஞராக இருக்கலாம். 2021-ல் கொரோனாவைக் காரணம் காட்டி அரசு 2 ஆண்டைக் கூட்டியது. அன்று ஓர் அரசாணையில் நிறையப் பேருக்கு இளமை நீண்டது.

இந்தக் கணக்கெல்லாம் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியை நம்பி நிற்கிறது. வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி ஒன்றாம் வகுப்பில் சேர்த்த காலத்தில், வீட்டில் தேதி தெரியவில்லை என்றால் வாத்தியாரே ஜூனிலிருந்து 5 வருஷம் பின்னால் எண்ணி ஒன்றை எழுதிவிடுவார். ஊரில் நடுவயது தாண்டிய பலருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது அதனால்தான். அரசு வேலையில் சேர்ந்தபின் அதைத் திருத்த 5 ஆண்டுதான் அவகாசம். அதைத் தவறவிட்டால் ஓய்வுபெறும் நாள்வரை வாத்தியார் எழுதியதுதான் வயது.

2025 ஜூலை 26, சனி

ஆடி பிறந்தாயிற்று. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கமும், ஒட்டியிருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்து வடகாடு, கீரமங்கலம் வரையிலும் இனி மொய் விருந்துதான்: சாப்பாடு போட்டு மொய் வாங்குவது, வாங்கியதை அவரவர் விருந்தில் திருப்பிச் செய்வது. அரசாங்கம் வயதைப் பார்க்கிறது. ஊர் மொய் நோட்டைப் பார்க்கிறது. ஒருவன் இன்னும் 'பையன்'தானா என்று தெரிய வேண்டுமானால் அவன் பெயர் தனி வரியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வரி எழுதும் முறை: முதலில் ஊர், அடுத்து அப்பா பெயர், பிறகு தன் பெயர், கடைசியில் தொகை. ஒரே ஊரில் ஒரே பெயர் நாலு பேருக்கு இருக்கும் என்பதால் தெருவோ வீட்டுப் பட்டப்பெயரோ சேரும். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக் கையோடு ரசீது தருகிறார்கள், பணம் எண்ண இயந்திரம் நிற்கிறது; வரியின் அமைப்பு மட்டும் மாறவில்லை. கல்யாணமாகாத மகன் சிங்கப்பூரில் சம்பாதித்து 33 வயதானாலும் அப்பா கொடுத்த பணத்தைக் கொண்டுபோய் அப்பா பெயரில் எழுதிவிட்டு வருவான். விருந்தில் அவன் வேலை இலை போடுவது, தண்ணீர் வைப்பது, கறிக்குழம்பு வாளி தூக்குவது. வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்பதும் மொய் மேசையில் உட்காருவதும் பிறகு வரும்.

கல்யாணம் ஆனால் தனிப்பெயர் வந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அங்கேதான் நுணுக்கம். கல்யாண மொய் அப்பா இத்தனை வருஷம் செய்ததன் திரும்புவரவு. அந்த நோட்டு அப்பாவுடையது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எழுதியதை மட்டும் பல வீடுகளில் தனிப் பக்கத்தில் எழுதி அவனிடம் கொடுப்பார்கள். அவனுக்கென்று முழு நோட்டு பிறப்பது அவனே நடத்தும் முதல் விசேஷத்தில்: பிள்ளைக்குக் காதுகுத்து, இல்லாவிட்டால் புதுமனை புகுவிழா. ஆக ஊரின் கோடு தாலி கட்டுவதில் இல்லை. அழைப்பிதழில் அழைப்பவராக அவன் பெயர் வருவதில் இருக்கிறது. 26-லும் வரலாம், 41-லும் வரலாம்.

இதற்குள் ஒரு விலக்கு உண்டு. அக்காவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் 19 வயதுப் பையனும் தாய்மாமன். காதுகுத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்காருவான், சீர்த்தட்டு அவன் பெயரில் வரும். மறுநாள் பழையபடி வாளி.

அப்பா தளர்ந்தாலோ இறந்தாலோ நோட்டைப் பிரிக்க வேண்டும். தகராறு முளைப்பது பெரும்பாலும் இங்கேதான். சரியான முறை: ஒரு பக்கம் வரவேண்டியது, ஒரு பக்கம் செய்யவேண்டியது என்று இரண்டு பட்டியல். ஊர் ஊராக வாசித்து, இந்த ஊர் மூத்தவனுக்கு, அந்த ஊர் இளையவனுக்கு என்று ஒதுக்குவது. ஓர் ஊரின் வரவும் செலவும் ஒருவனிடமே இருக்க வேண்டும். வரவை ஒருவனும் செலவை ஒருவனும் எடுத்தால் இரண்டாவது ஆடிக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிடும். பிரித்தபின் முதல் தடவை மொய் செய்யும்போது தன் பெயரோடு 'பழைய மொய், அப்பா பெயரில்' என்று சொல்லி எழுதவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அது புது மொய் ஆகிவிடும். பழைய பாக்கி அப்படியே நிற்கும், அடுத்த விருந்தில் பணம் அண்ணன் பெயருக்குப் போகும்.

தொகையிலும் ஓர் அர்த்தம். 5,000 வாங்கியவர் அதற்கு மேல் ஏதாவது சேர்த்துச் செய்தால் உறவு ஓடுகிறது. சரியாக 5,000 செய்தால் கணக்கை முடித்துக்கொள்கிறார் என்று பொருள். அப்பா இறந்த வருஷத்தில் இப்படிச் சரிக்குச் சரி திரும்பும் வரிகள் எத்தனை என்று பார்த்தால், மகனை ஊர் எந்த அளவுக்குப் பெரிய ஆளாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். கொஞ்சம் கொடூரமான தேர்வுதான், ஆனால் குரூப் 4-ஐ விட வேகமாக முடிவு வந்துவிடுகிறது.

2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. படித்துறையில் மஞ்சள், காப்பரிசி, காதோலை கருகமணி. தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு நடுவில், எடுத்து வைத்திருந்த கல்யாண மாலையை ஆற்றில் விட வந்தவர்கள் தனியாகத் தெரிகிறார்கள். அந்த மாலை போனதும் புதுப்பெண் என்ற சலுகையில் பாதி போய்விடும்.

பெண்ணுக்கு மொய் நோட்டு இல்லை. அவள் கணக்கு இன்னொருவர் வருகையில் ஓடுகிறது. கொழுந்தனுக்குப் பெண்டாட்டி வரும்வரை வீட்டில் அவள்தான் சின்னவள். வந்த அன்றே பெரியவள், வயது 27 ஆக இருந்தாலும். மகனுக்குக் கல்யாணம் ஆனால் 43-லேயே மாமியார். அதன்பிறகு பூப்போட்ட சேலை எடுத்தால்கூடச் சொல்ல ஆள் இருக்கும். அதே 43-ல் அவள் வீட்டுக்காரர் இன்னும் அப்பாவிடம் உரத்துக்குக் காசு கேட்டுக்கொண்டிருப்பார்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு இந்த ஏணியில் முதல் படியே கிடையாது. தரகர் முதலில் பார்ப்பது பிறந்த வருஷம், பிறகுதான் நட்சத்திரம். குத்தாலம் பக்கம் திருமணஞ்சேரியில் சுவாமிக்குச் சாத்திய மாலையை வாங்கிப்போய் வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து அதைத் திருப்பிச் செலுத்துவது வழக்கம். அங்கே வரிசையில் இப்போது ஆண்கள் நிறைய. வயல் மட்டும் உள்ள மாப்பிள்ளை என்றால் 35 ஆகியும் ஜாதகம் நகர்வதில்லை. அவனும் ஊர்க் கணக்கில் பையன்தான். அது பாராட்டு இல்லை.

செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் இதை எப்போதோ வகுத்துவிட்டன. சோழன் வீதியுலா வருவதைப் பார்க்கும் ஏழு பருவப் பெண்களில் கடைசிப் பருவம் 40-ல் முடிகிறது. ஆண்களுக்கான பட்டியலில் விடலை 30 வரை. அதற்கு மேல் முதுமகன், அவ்வளவுதான். பெண்ணின் வயதை 40 வரை ஏழாக நறுக்கியவர்கள் ஆணின் 30-க்குப் பிறகான வாழ்நாளை ஒரே சொல்லில் கட்டிவிட்டார்கள். யார் யாரை உற்றுப் பார்த்தார்கள் என்பது அந்தக் கத்திரிப்பிலேயே இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்

சர்வதேச இளைஞர் தினம். ஐ.நா. புள்ளிவிவரத்துக்கு இளைஞர் என்றால் 15 முதல் 24. இந்திய இளைஞர் கொள்கை 2003-ல் 13 முதல் 35 என்றது. 2014-ல் 15 முதல் 29 ஆகச் சுருக்கியது. 2003-ல் 18 வயதாக இருந்த ஒருவர் 2014-ல் 29. இன்னொரு 6 வருஷம் இருப்பதாக நினைத்தவருக்கு வாசலிலேயே கதவு. சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் 35 வரை. தி.மு.க. இளைஞரணி 1980-ல் மதுரையில் தொடங்கியது, மு.க.ஸ்டாலின் அதன் செயலாளர் பொறுப்பிலிருந்து 2017-ல் விலகியபோது அவருக்கு வயது 63. அரசியலில் இளைஞர் என்பது வயது அல்ல, தலைவருக்கு அடுத்த இடம்.

இந்தக் கோடுகளில் பரவாயில்லை என்று சொல்லத்தக்கது கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலைமன்ற விருது. 18 வரை கலை இளமணி, 19–35 வளர்மணி, 36–50 சுடர்மணி, 51–65 நன்மணி, அதற்கு மேல் முதுமணி. யாரையும் வெளியே தள்ளாமல் அடுத்த அறைக்கு அனுப்புகிறது. ஆனால் இதைக்கூட நாதஸ்வரம் வாசிக்கும் நாயனக்காரர்கள் வேறு மாதிரி எண்ணுவார்கள். குருவோடு உட்கார்ந்து வாசிக்கும்வரை இரண்டாம் நாயனம். 40 வயதில் வளர்மணியைத் தாண்டியவரும் அந்த மேடையில் சின்னவர்தான்.

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

மொய்க்கு அடுத்த நோட்டு பட்டா. 48 வயதில் நடவு, உரம், அறுப்பு எல்லாம் தானே பார்க்கும் ஒருவர். நிலம் யாருடையது என்று சொல்லும் சிட்டா அப்பா பெயரில். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனுக்குச் சிட்டாவும் பயிர் விவரம் சொல்லும் அடங்கலும் வேண்டும், கையெழுத்து அப்பாவுடையது. மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் உதவித்தொகைத் தவணைக்கு 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே கேள்வி. அதன்பிறகு வாரிசாக வந்தால் உண்டு, உயிரோடு இருக்கும் அப்பா எழுதிக் கொடுத்தால் சிக்கல். ஆக அரசாங்கத்துக்கு விவசாயி ஆவதற்கு வயது வரம்பில்லை, ஓர் இறப்புச் சான்று வேண்டியிருக்கிறது.

அப்பா காலமானபின் வரிசை: இறப்புச் சான்று, அதை வைத்து வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று, பிறகு வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டா. தனிப் பட்டா வேண்டுமானால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை என்றால் முத்திரைத்தீர்வை 1 விழுக்காடு, 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு ஒரு பங்குக்கு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 10,000.

கெட்டுப்போவது வழக்கமாக ஒரே இடத்தில்: கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளை வாரிசுப் பட்டியலில் விட்டுவிடுவது. மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அப்போது கல்யாணமாகியிருந்தவர்கள் வெளியே நின்றார்கள். நாடு முழுவதுக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல், இதே தேதியில், அவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. கையெழுத்து இல்லாமல் போட்ட பத்திரம் பத்து வருஷம் கழித்து விற்கும்போது முட்டும். அப்படி வழக்கில் நிற்கும் நிலத்தில் 60 வயதுத் தம்பிகளும் 'பசங்க' என்றே பேசப்படுகிறார்கள்.

2025 செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. மயிலாடுதுறை துலாக்கட்டம், திருவையாறு படித்துறை இரண்டிலும் எள்ளும் தண்ணீரும். தர்ப்பணம் அப்பா இல்லாதவர்களுக்குத்தான். 24 வயதுப் பையன் படியில் உட்கார்ந்து பெயர் சொல்கிறான். 58 வயதுக்காரர், அப்பா வீட்டில் இருப்பதால், செருப்பைக் காவல் காத்துக்கொண்டு கரையில் நிற்கிறார். இந்த வரிசையில் யாரும் ஆதார் கேட்பதில்லை.

2025 அக்டோபர் 1, புதன்

முதியோர் தினம். 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் 60. மாநில அரசுப் பணி ஓய்வு 58-லிருந்து 2020-ல் 59, 2021-ல் 60. ரயிலில் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45. ஓட்டுநர் உரிமத்தில் 40-தான் கோடு: 30-க்குள் எடுத்தால் 40 வயதுவரை செல்லும், 40 தாண்டிப் புதுப்பித்தால் படிவம் 1ஏ-வில் மருத்துவர் சான்று. புதுப்பிக்கப் போனால் கண் பரிசோதனைச் சீட்டோடு திரும்பி வருபவர்கள் உண்டு. சான்றை முதலிலேயே வாங்கிக்கொண்டு போவது ஓர் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் கோயிலூரான திருக்கடையூரில் கூட்டத்துக்குக் குறைவில்லை. இது விசுவாவசு வருஷம். முந்தைய விசுவாவசு 1965–66. அந்த வருஷத்தில் பிறந்தவர்களுக்கு இப்போது 60 நிறைகிறது. நாள் பார்ப்பது ஆங்கிலப் பிறந்தநாளுக்கு அல்ல. பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாளுக்கு. பள்ளித் தேதியை வைத்து மண்டபம் பிடித்துவிட்டு, ஜாதகம் வேறு மாதம் சொல்வதால் முன்பணத்தை இழப்பவர்கள் இருக்கிறார்கள். ஜாதகத்தை முதலில் பார்த்துவிட்டு குருக்களிடம் பேசுவதும், 16 கலசமா 64 கலசமா என்பதை அப்போதே முடிவு செய்வதும் நல்லது. செலவு அதில்தான் ஏறுகிறது.

பத்திரிகை அடிக்கும்போது மேலே தம்பதியர் பெயர், அழைப்பவர்கள் இடத்தில் மகன்கள், மகள்கள். பல வீடுகளில் மகன் பெயர் இப்படி வருவது இதுதான் முதல் முறை. மொய் மேசை போட்டால் யார் நோட்டில் எழுதுவது என்பதை விசேஷத்துக்கு முந்தின ராத்திரி பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பந்தி தொடங்கிய பிறகு அதைப் பேசினால் கேட்க ஆள் இருக்காது.