மாமாவின் உப்பளப் பேச்சு: அழைப்பு ஒரு மென்பொருளில், பதிவு இன்னொன்றில்

தூத்துக்குடியில் இருக்கும் என் மாமா வாழ்நாளில் பெரும்பகுதியை உப்பளத்தில் கழித்தவர். அவர் பேச்சைப் பாட்காஸ்டாகத் தொகுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நான் இருப்பது மதுரையில். நினைத்தபோதெல்லாம் பஸ் ஏற முடியாது என்பதால் இணைய அழைப்புதான் வழி. இலவச மென்பொருள்கள் மட்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். முதல் பகுதி இப்போது தயார்.

அழைப்புக்கு எடுத்துக்கொண்டது ஜிட்சி மீட். மாமாவும் சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகளும் முன்பெல்லாம் ஸ்கைப்பில் பேசுவார்கள். அது 2025 மே 5 அன்று மூடப்பட்டுவிட்டது. ஜிட்சியில் மாமா எதையும் நிறுவ வேண்டாம். நான் அனுப்பும் லிங்க்கை அழுத்தினால் பிரவுசரிலேயே திறந்துவிடும். அறையைத் தொடங்குகிறவர் மட்டும் கூகுள் போன்ற ஏதாவது ஒரு கணக்கில் உள்ளே நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

பதிவுக்கு ஆடாசிட்டி. 2000 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் மென்பொருள். விண்டோஸில் அதன் ஒலி அமைப்பை வாசாபி (விண்டோஸின் சொந்த ஒலி வழி) என்பதற்கு மாற்றி, லூப்பேக் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் கணினியில் கேட்பதெல்லாம் அப்படியே பதிவாகும். முதலில் இப்படித்தான் செய்து பார்த்தேன். மாமா சொன்னது இது: "மருமகனே, தண்ணி இருபத்தஞ்சு டிகிரிக்கு வந்தாத்தான் பாத்தியில உப்பு விளையும்." பதிவில் கேட்டது "இருபத்...", அப்புறம் நேரே "பாத்தியில". இந்தப் பேச்சின் உயிரே அந்த எண்தான். அது வெப்பநிலை அல்ல; உப்புநீரின் அடர்த்தியைப் போமே என்ற டிகிரி அளவில் பார்த்துத்தான் அடுத்த பாத்திக்குத் தண்ணீர் விடுவார்கள். அதுவே விழுங்கப்பட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

காரணத்தைத் தேடிப் போனதில் ஒன்று தெளிவானது. அழைப்பு மென்பொருளின் வேலை பேச்சு தடையில்லாமல் நடக்க வைப்பது. குரலைப் பாதுகாப்பது அல்ல. நெட் தளர்ந்தால் ஒலியைச் சுருக்கும். தாமதமாக வரும் துண்டுகளைக் காத்திருக்காமல் விட்டுவிடும். மாமா குரலைத் தாழ்த்திப் பேசினால் அதையும் இரைச்சல் கணக்கில் சேர்த்து அமுக்கிவிடும். இதில், அழைப்பில் குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் கோடெக்கைக் குறை சொல்ல முடியாது. 2012-இல் தரமாக ஏற்கப்பட்ட அந்த கோடெக்கின் ஒரு பாதி ஸ்கைப்பில் உருவான சில்க் என்பது எனக்குப் பிடித்த செய்தி. கடை மூடிய பிறகும் அந்த வேலை நம் அழைப்புகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மம்பிள் என்ற இன்னொரு இலவசக் குரல் அழைப்பு மென்பொருளையும் பார்த்தேன். தாமதம் மிகக் குறைவு, பேசுகிற ஒவ்வொருவரையும் தனித்தனிக் கோப்பாகவும் பதிவு செய்யும். ஆனால் சர்வர் வேண்டும், மாமா வீட்டில் நிறுவியும் தர வேண்டும். அதோடு, அதிலும் பதிவாவது நெட் வழியே வந்து சேர்ந்த குரல்தான்.

அதனால் இப்போது செய்வது இது. பேசுவதற்கு ஜிட்சி, பதிவு அவரவர் வீட்டில், அவரவர் கணினியில். அங்கே ஆடாசிட்டியில் பதிவுப் பொத்தானை அழுத்துவது மாமாவின் பேத்தி. இரண்டு பேருக்கும் ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் என் குரல் அவர் மைக்கில் ஏறிவிடும். தொடங்கியதும் மாமா மைக் அருகில் ஒருமுறை கை தட்டுவார். அது என் பதிவில் விழ, அந்த ஒரு நொடி மட்டும் நான் ஹெட்போனைக் கழற்றி மைக்கிடம் பிடிப்பேன். அப்புறம் சில விநாடி இருவரும் பேசாமல் இருப்போம். முடிவில் இன்னொரு தட்டு. மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றால் அரை மணி நேர வேவ் கோப்பு சுமார் 159 எம்பி வரும். ஃப்ளாக் என்ற சுருக்கிய ஒலிக் கோப்பாக மாற்றினால் தரம் குறையாமல் அளவு நன்றாக இறங்கும். பேத்தி அதை வாட்ஸ்ஆப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பிவிடுகிறாள்.

இரண்டு டிராக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் தட்டிய இடம் ஊசிபோல் எழுந்து நிற்கும். அவற்றை நேர்க்கோட்டில் கொண்டுவர வேண்டும். கடைசித் தட்டு மட்டும் ஏறக்குறைய கால் விநாடி விலகி இருந்தது. இரண்டு கணினிகளின் கடிகார வேகமும் இம்மி பிசகாமல் ஒத்துப்போவதில்லை என்பதால் வருவது இது. யாரும் பேசாத இடங்களில் வெட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். சரியாகிவிட்டது.

மாமா வீட்டு ஃபேன் சத்தத்துக்கு, அந்தப் பேசாத விநாடிகளைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழு டிராக்குக்கும் 6 டெசிபெல் குறைத்தேன். அதற்கு மேல் போனால் குரலில் உலோகச் சாயல் ஏறுகிறது. லேசான ஃபேன் சத்தம் இருந்தால் இருக்கட்டும். மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதியை நான் தொடவே இல்லை. கூலி பற்றிக் கேட்டபோது மாமா பதில் சொல்லாமல் இருந்த இடம் அப்படியே இருக்க வேண்டும்.

கடைசியாக மோனோவுக்கான மைனஸ் 19 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன் அலகு) ஒலி அளவு, 64 கேபிபிஎஸ் எம்பி3. அரை மணிக்குச் சுமார் 14.4 எம்பி, மொபைல் டேட்டாவில் கேட்கிறவர்களுக்கும் பாரமில்லை. "இருபத்தஞ்சு டிகிரி" இப்போது முழுசாகக் கேட்கிறது.

அடுத்த பகுதிக்கு உப்பு வாரும் சத்தமே வேண்டும். மழைக்கு முன், அளத்தில் வேலை நடக்கும்போதே பேத்தியை லேப்டாப்போடு அங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடற்காற்றை மைக் எப்படித் தாங்கும் என்று அதில்தான் பார்க்க வேண்டும்.